மிசோ கடை மாடியில் தொடங்கிய கல்லூரி

டோக்கியோவின் கின்ஸாவுக்குப் போகிறவர்கள் கடை பார்க்கத்தான் போகிறார்கள். நான் ஒரு கல்லைப் பார்க்கப் போனேன். 2017-இல் திறக்கப்பட்ட 'கின்ஸா சிக்ஸ்' என்ற பேரங்காடியின் முன்னால், பெருந்தெரு நடைபாதையின் ஓரத்தில் அது இருக்கிறது. ஜப்பானின் முதல் வணிகப் பள்ளி 1875-இல் இந்த இடத்தில் தொடங்கியது என்பதற்கான நினைவுக் கல். அன்று இந்தத் தெருவுக்கு ஓவாரி-சோ என்று பெயர். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் மிசோவில் மீனைச் சேர்த்து விழுதாக விற்கும் ஒரு கடை இங்கே இருந்தது. அந்தக் கடையின் மாடியில் பெஞ்சு போட்டுப் பாடம் நடத்தினார்கள். வாசலில் காத்திருந்த சுற்றுலாப் பயணிகள் கல்லைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே நின்று பார்த்தவன் அப்போதைக்கு நான் ஒருவன்தான்.

அந்த மாடிப் பள்ளிதான் இன்றைய ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம். அதன் பிசினஸ் ஸ்கூல் ஜப்பானில் மிக மதிக்கப்படுவனவற்றில் ஒன்று. ஒரு நிர்வாகக் கல்லூரியின் வரலாற்றைத் தேடி ஊர் ஊராக அலைவானேன் என்று நண்பர்கள் கேட்டார்கள். வியாபாரத்தைக் கல்வியாக ஏற்க ஒரு நாடு எவ்வளவு தயங்கியது, அந்தத் தயக்கத்தை யார் உடைத்தார்கள் என்ற கதை இந்தப் பள்ளியில் முழுதாகக் கிடைக்கிறது. கின்ஸா, கான்டா, குனிடாச்சி என்று அது இடம் பெயர்ந்த வழியிலேயே நடந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக இருந்தது.

பழைய ஜப்பானில் சாமுராய், உழவர், கைவினைஞர், வணிகர் என்று நான்கு அடுக்கு. வணிகருக்குக் கடைசி இடம். பணம் அவர்களிடம் இருந்தது, மரியாதை இல்லை. 1868-இல் ஷோகன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி முடிந்து பேரரசரின் மெய்ஜி அரசு வந்தபோது நாடு ஏற்கனவே வெளியுலகுக்குத் திறந்திருந்தது. ஆனால் யோகோஹாமா துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கையில். பட்டு ஜப்பானியருடையது, தேயிலை ஜப்பானியருடையது; விலையையும் கப்பலையும் காப்பீட்டையும் அந்நியர்கள் முடிவு செய்தார்கள். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூட உள்ளூர் வணிகர்களிடம் ஆள் இல்லை.

மோரி அரினோரிக்கு இது உறுத்தியது. சட்சுமா நாட்டுச் சாமுராய் குடும்பத்தில் 1847-இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் ரகசியமாகக் கப்பலேறி லண்டனில் படித்தவர். பிறகு அமெரிக்காவில் ஜப்பானின் தூதராக இருந்தார். அங்கே அவர் பார்த்தவற்றில் ஒன்று, நகரத்துக்கு நகரம் கிளை வைத்திருந்த 'பிரையன்ட் அண்ட் ஸ்டிராட்டன்' வணிகக் கல்லூரிகள். எழுத்தர் வேலைக்கும் கடை நிர்வாகத்துக்கும் இளைஞர்களைத் தயார் செய்யும் இடங்கள் அவை. நியூஜெர்சி மாநிலம் நியூவார்க்கில் அப்படி ஒரு கல்லூரியை நடத்திக்கொண்டிருந்த வில்லியம் விட்னி என்பவரை மோரி ஜப்பானுக்கு அழைத்தார்.

புதுப்பள்ளிக்கு நிதி திரட்ட ஒரு வேண்டுகோள் அறிக்கை தேவைப்பட்டது. அதை எழுதிக் கொடுத்தவர் ஃபுகுசாவா யுகிச்சி. கெயோ பல்கலைக்கழகத்தை நிறுவியவர். பிரையன்ட்-ஸ்டிராட்டன் கணக்குப் பதிவு நூலை 1873-இலேயே ஜப்பானிய மொழியில் தந்தவர். வாளால் போரிட்ட காலத்தில் வாள் பயிற்சி இல்லாமல் யாரும் களத்துக்குப் போகவில்லை. வாணிபத்தால் போரிடும் காலத்தில் அந்தக் கலையைக் கற்காமல் அந்நியர் முன் எப்படி நிற்பது என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். வாள் வைத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்குப் புரியும் பாஷையில் பேசியிருக்கிறார்.

விட்னி மனைவி மக்களோடு 1875 ஆகஸ்டில் வந்து இறங்கினார். வந்து பார்த்தால் பள்ளியும் இல்லை, சம்பளத்துக்கு வழியும் இல்லை. நிதி ஏற்பாடுகள் நடுவழியில் நின்றிருந்தன. அந்நிய ஊரில் குடும்பம் தவித்தபோது ஆயிரம் யென் கொடுத்துக் கைதூக்கி விட்டவர் கட்சு காய்ஷூ. ஷோகனின் கடற்படையை நடத்தியவர், எடோ என்ற அன்றைய டோக்கியோவைப் போரில்லாமல் புது அரசிடம் ஒப்படைத்தவர். இதையெல்லாம் நாம் அறிவதற்குக் காரணம் விட்னியின் மகள் கிளாரா. வந்தபோது பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் விடாமல் நாட்குறிப்பு எழுதினாள். பிற்காலத்தில் அவள் கட்சுவின் மகனையே மணந்துகொண்டாள். மெய்ஜி காலத்து டோக்கியோ வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பதை அறிய இன்றும் அந்த நாட்குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள். பள்ளிகளின் அதிகாரபூர்வ வரலாறுகளில் இப்படிப்பட்ட மனிதர்களுக்கு இடம் குறைவு. ஆயிரம் யென்னும் ஒரு சிறுமியின் நோட்டும் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே கூடாது என்பது என் கட்சி.

பள்ளி தொடங்கிச் சில மாதங்களில் மோரி சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். பிற்பாடு அவர் நாட்டின் முதல் கல்வி அமைச்சரானார். 1889-இல், அரசியல் சாசனம் அறிவிக்கப்பட்ட அதே நாளில், தேசியவாதி ஒருவன் கத்தியால் குத்த, மறுநாள் இறந்தார். வயது 41.

மோரி விட்டுப்போன பள்ளியைக் கையில் எடுத்தவர் ஷிபுசாவா எயிச்சி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1840-இல் இன்றைய சைத்தாமா மாநிலத்தில், அவுரிச் சாயம் தயாரித்து விற்ற விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1867-இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போன தூதுக்குழுவில் இடம் கிடைத்தது. வங்கியும் கூட்டுப் பங்கு நிறுவனமும் எப்படி இயங்குகின்றன என்பதை ஐரோப்பாவில் நேரில் பார்த்தார். திரும்பி வந்து நிதி அமைச்சகத்தில் உயர்பதவியில் இருந்தார். 1873-இல் அதை உதறிவிட்டு முதல் தேசிய வங்கியைத் தொடங்கினார். அரசு வேலையை விட்டு வியாபாரத்துக்குப் போவதா என்று கூட இருந்தவர்களே கேட்ட காலம் அது. வாழ்நாளில் சுமார் 500 நிறுவனங்கள் உருவாக அவர் கை கொடுத்தார். எதையும் தன் குடும்பச் சொத்தாகக் குவித்துக்கொள்ளவில்லை. மிட்சுயி, மிட்சுபிஷி போல 'ஷிபுசாவா' என்றொரு பேரரசு இல்லாததன் காரணம் அதுதான். 1916-இல் வந்த அவருடைய நூலின் பெயரிலேயே கன்ஃபூசியஸின் போதனையும் மணிச்சட்டமும் சேர்ந்திருக்கும். அறம் இல்லாத லாபம் நிலைக்காது, லாபம் இல்லாத அறம் நாட்டுக்கு உதவாது என்பது அவர் நம்பிக்கை.

கின்ஸாவில் ஒரு காபிக் கடையில் பணம் கொடுக்கும்போது இந்தப் பள்ளிக்குக் கிடைத்த ஆதரவின் கனம் கையிலேயே தெரிந்தது. என்னிடம் இரண்டு பத்தாயிரம் யென் நோட்டுகள் இருந்தன. பழையதில் ஃபுகுசாவா, 2024 ஜூலையில் வெளியான புதியதில் ஷிபுசாவா. ஒருவர் இந்தப் பள்ளிக்கு வேண்டுகோள் எழுதினார், மற்றவர் அதைச் சாகவிடாமல் காத்தார். நாட்டின் மிகப் பெரிய நோட்டில் நாற்பது ஆண்டுகள் அவரும் அதற்குப் பிறகு இவரும் என்றால், அந்த மாடிப் பள்ளிக்கு வாய்த்த புரவலர்களின் தரம் விளங்கும்.

சாகவிடாமல் காத்தார் என்று சொன்னது மிகையில்லை. 1881-இல் டோக்கியோ மாநிலச் சபை பள்ளிக்கான பணத்தை நிறுத்தி மூடச் சொன்னது. ஷிபுசாவாவும் வணிகர்களும் ஓடியாடி வேளாண் வணிக அமைச்சகத்தின் மானியத்தைப் பெற்றுத் தந்தார்கள். பள்ளியின் தலைவராக இருந்த யானோ ஜிரோ வேறொரு விதத்தில் அதற்கு உயிர் கொடுத்தார். பிடிவாதக்காரர். பாடத்தோடு கடமை முடிந்தது என்று இருக்காமல், மாணவனுக்கு வேலை கிடைக்கும்வரை கம்பெனிகளின் வாசலில் போய் நின்றார். அன்றைக்கு வளர்ந்துகொண்டிருந்த மிட்சுயி வர்த்தக நிறுவனத்தின் தலைவர் மசுதா தகாஷி அவருடைய மைத்துனர். உறவு உதவியது, உண்மைதான். ஆனால் அந்தப் பையன்கள் வேலை தெரிந்தவர்களாக இருந்ததால்தான் அடுத்த ஆண்டும் கேட்டு வாங்கினார்கள்.

இப்படிப் படித்து வந்தவர்களுக்கு என்ன மாதிரி உலகம் காத்திருந்தது என்பதற்கு இந்தியாவோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் உண்டு. ஒசாகாவின் நூற்பாலைகளுக்குப் பம்பாயிலிருந்து பருத்தி போய்க்கொண்டிருந்தது. அந்தக் கப்பல் வழி பி அண்ட் ஓ முதலான ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில். கட்டணம் அவர்கள் வைத்ததுதான். 1893-இல் ஜப்பான் வந்த ஜம்ஷெட்ஜி டாடா ஷிபுசாவாவைச் சந்தித்தார். அதே ஆண்டு நிப்பான் யூசென் நிறுவனம் பம்பாய்க்குக் கப்பல் விட்டது. போட்டிக்காரர்கள் கட்டணத்தைப் பாதாளத்துக்கு இறக்கிப் பார்த்தார்கள். மலிவுக்கு மயங்காமல் ஜப்பானிய ஆலைகள் தங்கள் கப்பலிலேயே சரக்கு ஏற்றின. கப்பல் வாடகையும் அந்நியச் செலாவணியும் ஒப்பந்தமும் தெரிந்த இளைஞர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கின்ஸாவிலிருந்து கான்டாவுக்கு நடந்தே போகலாம். நான் ரயிலில் போனேன். அரசர் மாளிகை அகழிக்கு வடக்கே, ஒரு சிறு ஆற்றின் மேல் இருக்கும் பாலத்தின் பெயர்தான் ஹிதோத்சுபாஷி. 1885-இல் பள்ளி கல்வி அமைச்சகத்தின் கீழ் வந்து இங்கே குடியேறியது. இப்போது அங்கே வளாகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். பக்கத்திலேயே ஷோகாகுகான், ஷூஎய்ஷா, இவானாமி போன்ற பெரிய பதிப்பகங்கள். இரண்டு தெரு தள்ளி ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடை வரிசை. பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் மன்றமான ஜோசுய்காய் கட்டடம் இங்கேதான். கனவான்களின் நட்பு நீரைப் போலத் தெளிந்தது என்ற சீனப் பழஞ்சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவரும் ஷிபுசாவாவே.

இந்த இடத்தில்தான் 1909 மே மாதம் நடந்த ஒரு சம்பவம் என்னை ரொம்ப நேரம் அங்கேயே நிற்க வைத்தது. பள்ளி அப்போது 'டோக்கியோ உயர்நிலை வணிகப் பள்ளி'. பல்கலைக்கழகத் தகுதி வேண்டும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்தார்கள். அரசு வேறு திட்டம் போட்டது. வணிகப் படிப்பைப் பேரரசுப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறைக்குள் ஒரு பிரிவாக வைத்துவிட்டு, இந்தப் பள்ளியின் மேல்நிலை வகுப்பை இழுத்து மூடுவது. அதிகாரிகளை உருவாக்கும் இடத்தில் வணிகம் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பது அதன் பொருள். மாணவர்கள் ஒன்றுகூடினார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் பள்ளியை விட்டு விலகுகிறோம் என்று அறிவித்து வெளியேறினார்கள். படிப்பை, வேலையை, அப்பா அம்மா கட்டிய பணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வணிகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்ட இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். சம்பளத்துக்காக மட்டும் படிக்கிறவன் இதைச் செய்ய மாட்டான்.

எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஷிபுசாவா மீண்டும் வந்தார். வணிகர் சபைகளும் பெற்றோரும் அவரோடு சேர்ந்தார்கள். மாணவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். அரசிடம் கால அவகாசம் வாங்கினார். 1912-இல் மூடும் உத்தரவு முறையாகத் திரும்பப் பெறப்பட்டது. 1920-இல் பள்ளி டோக்கியோ வணிகப் பல்கலைக்கழகமானது. மிசோ கடை மாடியிலிருந்து இந்தப் பெயருக்கு வர 45 ஆண்டுகள்.

அதோடு தொல்லை தீரவில்லை. 1931 அக்டோபரில் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி, ஆயத்தப் படிப்பையும் சிறப்புப் பிரிவையும் ஒழிக்க அரசு முயன்றது. மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம், தொண்ணூற்று ஒரு வயதில் ஷிபுசாவா காலமானார். போரின் உச்சத்தில், 1944-இல், பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து 'வணிகம்' என்ற சொல்லையே நீக்கித் 'தொழில்' என்று வைத்தார்கள். போர் முடிந்ததும் 1947-இல் பழைய பெயர் திரும்பியது. 1949-இல் ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம் ஆனது. அப்போது அதன் முதன்மை வளாகம் கான்டாவை விட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது.

போனதற்குக் காரணம் 1923 நிலநடுக்கம். கான்டா கட்டடங்கள் அழிந்தன. சூவோ ரயில் பாதையில், மேற்கே யாஹோ என்ற கிராமத்துக் காட்டை வாங்கிக் கல்வி நகரம் அமைக்கும் திட்டத்தோடு இருந்தார் நிலத் தொழிலதிபர் ட்சுட்சுமி யாசுஜிரோ. பல்கலைக்கழகத் தலைவர் சானோ ஜென்சாகு அவரோடு ஒப்பந்தம் போட்டார். கான்டா நிலத்துக்குப் பதிலாக அங்கே பல மடங்கு பெரிய நிலம். 1926-இல் ஸ்டேஷன் வந்தது. கொகுபுன்ஜிக்கும் டாச்சிகாவாவுக்கும் நடுவில் இருந்ததால், இரண்டு ஊர்ப் பெயரிலிருந்தும் ஓர் எழுத்தை எடுத்து ஊருக்குக் குனிடாச்சி என்று வைத்தார்கள்.

ஆரஞ்சுப் பட்டை போட்ட சூவோ ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இறங்கியதும் செந்நிற முக்கோணக் கூரையோடு பழைய ஸ்டேஷன் கட்டடம். 2006-இல் பிரித்து எடுத்து வைத்து, 2020-இல் மீண்டும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் வாசலிலிருந்து தெற்கே நேராக ஓடுகிறது பல்கலைக்கழகச் சாலை. அகலம் 44 மீட்டர். 1920களில், காட்டுக்குள், இவ்வளவு அகலமாக ஒரு சாலை போட்டவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது! இரு பக்கமும் செர்ரி மரங்களும் ஜிங்கோ மரங்களும். நான் போனது நவம்பரில். ஜிங்கோ இலைகள் மஞ்சளாகிச் சைக்கிள் பாதை முழுவதும் கொட்டிக் கிடந்தன. ஒரு மூதாட்டி தன் கடை வாசல் அளவுக்கு மட்டும் பெருக்கிவிட்டு உள்ளே போனார்.

வளாகத்துக்குள் கனெமட்சு அரங்கம். 1927-இல் கட்டியது. கொடுத்தவர்கள் கனெமட்சு வர்த்தக நிறுவனத்தார். அதன் நிறுவனர் கனெமட்சு ஃபுசாஜிரோ கோபேயிலிருந்து ஆஸ்திரேலியக் கம்பளி வியாபாரத்துக்கு வழி திறந்தவர்; அவர் நினைவாக இந்தக் கொடை. வடிவமைத்த இட்டோ சூட்டா, 1902 முதல் 1905 வரை சீனா, பர்மா, இந்தியா, துருக்கி என்று கோவிலும் மசூதியும் தேடிச் சுற்றியவர். இந்தியச் சாயலில் அவர் கட்டிய ட்சுகிஜி புத்தக் கோயிலைப் பலர் டோக்கியோவில் பார்த்திருப்பார்கள். இந்த அரங்கத்தை ஐரோப்பிய மடாலயப் பாணியில் கட்டினார். வட்ட வளைவுகள், பழுப்பு நிற ஓட்டுச் சுவர். கிட்டப் போனால் தூணின் தலையிலும் வளைவின் ஓரத்திலும் விநோத விலங்குகள் வெளிப்படுகின்றன. சிங்கம் என்றால் சிங்கமில்லை, டிராகன் என்றால் டிராகனில்லை. கோயில் தூணில் யாளியைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அவை அந்நியமாகத் தெரியவில்லை. ஒன்று வாயைப் பிளந்திருக்கிறது, ஒன்று தன் வாலையே பார்த்துக் குந்தியிருக்கிறது. கணக்கும் வட்டியும் படிக்க வந்த இளைஞர்களின் அரங்கத்துக்கு இவ்வளவு கற்பனையைச் செலவிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தின் மீது வந்த மரியாதைக்கு அதுவே காரணம்.

எதிரே குளம், அதற்கப்பால் மணிக்கூண்டோடு நூலகம். பொருளாதார அறிஞர் கார்ல் மெங்கரின் சொந்த நூல்கள் வியன்னாவிலிருந்து வாங்கப்பட்டு இந்தப் பல்கலைக்கழகத்திடம் இருக்கின்றன. உலகெங்கிலும் இருந்து ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி வருகிறார்கள். இங்கே வணிகத்தை வெறும் தொழில்நுட்பமாகச் சொல்லித்தரவில்லை. பொருளியல், சட்டம், சமூகவியல் மூன்றையும் அதன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிரதமரான ஓஹிரா மசாயோஷி இங்கே படித்தவர். ரகுடென் இணைய வணிக நிறுவனத்தை நிறுவிய மிகிடானி ஹிரோஷி படித்தவர். எழுத்தாளர் இஷிஹாரா ஷின்டாரோ மாணவராக இருந்தபோதே 1956-இல் அகுதகாவா இலக்கியப் பரிசு வாங்கினார்.

பல்கலைக்கழகம் தன்னைப் பற்றிச் சொல்லும் குறிக்கோள், தொழிலுலகின் தளபதிகளை உருவாக்குவது. எழுத்தாளர் கார்லைல் பிரபலமாக்கிய ஆங்கிலத் தொடர் அது. மாணவர் சட்டைப் பொத்தானிலும் கொடியிலும் வரும் சின்னம், ரோமானியர்களின் வணிகத் தெய்வமான மெர்க்குரியின் பாம்பு சுற்றிய கோல். தளபதி என்ற சொல் இன்று கொஞ்சம் பழசாகத் தோன்றலாம். நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். தளபதிக்குத் தன் ஆட்களின் உயிருக்குப் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பைத்தான் ஷிபுசாவா வணிகரிடம் கேட்டார்.

எம்.பி.ஏ. என்ற பட்டம் ஜப்பானுக்குத் தாமதமாகவே வந்தது. பெரிய கம்பெனிகள் கல்லூரி முடித்த பையன்களை எடுத்து, தாங்களே பல வருடம் வேலை கற்றுக்கொடுத்து, ஓய்வு பெறும்வரை வைத்துக்கொண்டன. பிசினஸ் ஸ்கூலுக்கு அங்கே என்ன வேலை? 1962-இல் கெயோ தன் பிசினஸ் ஸ்கூலைத் தொடங்கியது, ஹார்வர்டைப் போல நிறுவனக் கதைகளை விவாதித்துக் கற்கும் முறையில். ஹிதோத்சுபாஷி 2000-இல், கான்டாவின் பழைய இடத்திலேயே, முழுவதும் ஆங்கிலத்தில் எம்.பி.ஏ. வகுப்பைத் தொடங்கியது. 2018-இல் குனிடாச்சியின் வணிகவியல் பட்ட மேற்படிப்பும் இதுவும் இணைந்து ஹிதோத்சுபாஷி பிசினஸ் ஸ்கூல் ஆனது. இரண்டு உலகங்களின் சிறந்ததையும் சேர்ப்பது என்பதைக் கான்டா பிரிவு தன் பணியாகச் சொல்கிறது. மேற்கும் ஆசியாவும், ஏட்டறிவும் கைப்பழக்கமும்.

அந்தக் கைப்பழக்கத்தை நிர்வாகவியலுக்குள் கொண்டுவந்தவர் இங்கே பேராசிரியராக இருந்த நோனாகா இகுஜிரோ. 1935-இல் பிறந்தவர், மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு கலிஃபோர்னியா போய் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். 2025 ஜனவரியில் காலமானார். ஒரு நிறுவனத்தின் அறிவு கோப்புகளில் இருப்பதைவிட ஆட்களின் கையிலும் கண்ணிலும் அதிகம் இருக்கிறது, வாயால் சொல்ல முடியாத அந்த அறிவை எப்படிப் பலருக்கும் உரியதாக்குவது என்பதுதான் அவர் வாழ்நாள் கேள்வி. தகேயுச்சி ஹிரோடகாவோடு சேர்ந்து 1995-இல் எழுதிய நூலில் ஒரு ரொட்டி இயந்திரத்தின் கதை வருகிறது. மட்சுஷிதா கம்பெனி வீட்டிலேயே ரொட்டி சுடும் இயந்திரம் செய்தது. ரொட்டி சரியாக வரவில்லை. ஓரம் கருகி, நடுவில் மாவாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் மென்பொருள் பிரிவில் இருந்த ஒரு பெண், ஒசாகாவில் பெயர்பெற்ற ஓட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பக்கத்தில் நின்று மாவு பிசைந்தார். ரொட்டிக்காரர் மாவை வெறுமனே இழுக்கவில்லை, இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பது அந்தப் பெண்ணின் கைக்குத்தான் தெரிந்தது. பொறியாளர்கள் இயந்திரத்தின் உட்புறத்தில் வரிமேடுகள் வைத்து அந்த முறுக்கைக் கொண்டுவந்தார்கள். 1987-இல் சந்தைக்கு வந்த அந்த இயந்திரம் அமோகமாக விற்றது.

இதே இருவரும் 1986-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனான், ஃபுஜி-ஜெராக்ஸ் போன்ற கம்பெனிகள் புதுப் பொருள்களை எப்படி வேகமாகச் செய்கின்றன என்று ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவு முடித்து அடுத்த பிரிவிடம் ஒப்படைக்கும் தொடர் ஓட்டத்தை விட்டு, ரக்பி ஆட்டக்காரர்களைப் போல எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து பந்தை முன்னே தள்ளுகிறார்கள் என்று சொல்லி, ரக்பியிலிருந்து 'ஸ்க்ரம்' என்ற சொல்லை எடுத்தாண்டார்கள். 1990களில் அமெரிக்க மென்பொருள்காரர்கள் அந்தச் சொல்லையும் கருத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இன்று சென்னை ஓ.எம்.ஆர். சாலையிலும் கோவையிலும் நம் பிள்ளைகள் காலையில் கூடி நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்யப்போகிறோம் என்று பேசும் 'ஸ்க்ரம்' அதுதான். கார், நகலெடுக்கும் இயந்திரத் தொழிற்சாலைகளில் தொழிலாளியும் பொறியாளரும் சேர்ந்து நின்ற பழக்கத்திலிருந்து வந்தது. மேலதிகாரி கணக்குக் கேட்கும் கூட்டமாக அதை மாற்றிவிட்ட இடங்களில் இந்த மூலக்கதையை யாராவது சொல்ல வேண்டும்.

குனிடாச்சியை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஸ்டேஷன் பக்கம் பிரியும் இன்னொரு சாலையில் நடந்தேன். தெளிந்த நாளில் அங்கிருந்து ஃபுஜி மலை தெரியும், தெருவின் பெயரும் அதையே சொல்கிறது. 2024-இல் அங்கே ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் பத்து மாடிக் குடியிருப்பைக் கட்டி முடித்தது. வீட்டுக்காரர்களிடம் சாவி கொடுக்கும் நாள் நெருங்கியபோது, மலைக் காட்சியை மறைக்கிறது என்று தானே முடிவெடுத்து இடித்துத் தள்ளியது. இந்த ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட விஷயங்களில் விட்டுக்கொடுப்பதில்லை. 1950களின் தொடக்கத்தில் டாச்சிகாவா அமெரிக்கப் படைத்தளத்தின் மதுக்கடைகள் இங்கும் பரவியபோது, மக்களும் மாணவர்களும் போராடி 1952-இல் ஊரைக் கல்வி மண்டலமாக அறிவிக்க வைத்தார்கள். பல்கலைக்கழகச் சாலையில் எழுந்த பதினான்கு மாடிக் கட்டடத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். கட்டடத்தை அகற்ற வைக்க முடியவில்லை என்றாலும், நல்ல நிலக்காட்சியை அனுபவிப்பது சட்டம் பாதுகாக்க வேண்டிய நலன் என்று 2006-இல் நீதிமன்றத்தைச் சொல்ல வைத்தார்கள். வணிகக் கல்லூரி இருக்கும் ஊரில் லாபத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று மக்கள் நம்புவது, அந்தக் கல்லூரிக்கும் பெருமைதான்.

வேலை நிமித்தமாக டோக்கியோவுக்குப் போகும் தமிழர்கள் இப்போது நிறைய. அவர்களில் எம்.பி.ஏ. படித்தவர்களும் படிக்க நினைப்பவர்களும் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். காலையில் கின்ஸாவின் கல், மதியம் கான்டாவில் பழைய புத்தகக் கடைகள், மாலை வெயில் சாய்வதற்குள் குனிடாச்சி. வளாகத்துக்குள் நடந்து போகலாம், கட்டணம் கிடையாது. அரங்கத்தின் விலங்குகளைப் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும், அதனால் ரயிலை மூன்று மணிக்குள் பிடித்துவிடுங்கள்.